இறந்தவருக்கு எழுதிய வசனம்

ஓர் இறந்த மனிதருக்கு நான் வசனம் எழுதினேன்.

நாடகத்துக்கு அல்ல. குருசாமி என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தார். மகாராஜபுரத்துக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவலாக இருந்தார். ஒரு விடியற்காலையில் மோட்டார் போடப் போனவரை யானை அடித்துக் கொன்றது. சாகும்போது அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஆள் இல்லை. அந்தக் குறையை நான் நிவர்த்தி செய்தேன். அவர் வாயில் ஒரு சொல்லை வைத்தேன். அதை இரண்டு முறை சொல்லவும் வைத்தேன்.

அவருடைய மகளுக்கு இப்போது பதினொரு வயது. அவர் அப்படிச் சொன்னதைத் தன் காதால் கேட்டதாக அவள் நம்புகிறாள். கேட்டும் தான் போகவில்லை என்றும் நம்புகிறாள்...

இதைச் சொல்லிவிட்டு உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். படிக்கிறவர்கள் எல்லோரும் மன்னித்துவிடுகிறார்கள். அடுத்த பக்கம் திருப்ப அவர்களுக்கு அது வசதி.

நான் நகைச்சுவை எழுதுகிறவன். அப்படித்தான் அறிமுகம் செய்துகொள்கிறேன், மறுத்தவர்கள் உண்டு. என் மூட்டுவலி, என் மைத்துனர், எங்கள் தெருக் குழாய் ஆகிய மூன்றைப் பற்றி மட்டுமே முப்பது வருடம் எழுதி, பல் மருத்துவர்களின் வரவேற்பறைகளில் வலியோடு வாசிக்கப்பட்டவன். நிறையப் படித்தவன் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் வந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய வீட்டில் அவர்களுடைய அலுவலகம். சாவாலோ, விபத்தாலோ, வன்முறையாலோ குலைந்துபோன குடும்பங்களுக்குத் துணை நிற்பது வேலை. ஆங்கிலத்தில் ஒரு கையேடு வைத்திருந்தார்கள். அதைத் தமிழாக்கித் தரவேண்டும்.

நல்ல கையேடு. கேலி செய்ய இடம் தேடித் தோற்றேன். அடிபட்ட குடும்பத்தை அதன் தெருவிலிருந்து பிடுங்கி எடுக்காமல், தெருவோடு சேர்த்தே தாங்க வேண்டும் என்று அதில் இருந்தது. பட்டதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக் கூடாது, ஒவ்வொரு முறையும் அது மறுபடி நடப்பதுபோலத்தான் என்று இருந்தது. கேட்கிற கேள்வி அவர்களுக்காகவா, கேட்கிறவரின் ஆர்வத்துக்காகவா என்று முதலில் தன்னையே விசாரிக்க வேண்டும் என்றும் இருந்தது.

இவை எல்லாவற்றையும் நான் தமிழாக்கினேன். ‘மனக்காயம்’ என்பதா, ‘மனவடு’ என்பதா என்று மூன்று நாள் யோசித்தேன். காயம் என்றால் ஆறவில்லை, வடு என்றால் ஆறிவிட்டது, ஆகவே காயமே சரி என்று அறக்கட்டளை இயக்குநருக்கு ஒரு பக்கம் விளக்கக் கடிதமும் எழுதினேன். மூன்று நாள்! அந்த மூன்று நாளில் ஒரு காயத்தையும் நான் நேரில் பார்க்கவில்லை.

பிறகு இயக்குநர் அழைத்தார். மென்மையாகப் பேசுகிறவர், கோபம் வந்தால் இன்னும் மென்மையாகிவிடுவார்.

“சார், நீங்க எழுத்தாளர். நம்ம குடும்பங்களோட கதைய எழுதிக் கொடுங்க. பார்க்க வர்றவங்களுக்குத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் குடுக்கலாம்.”

அப்படித்தான் குருசாமியின் மனைவி காளீஸ்வரியைப் பார்க்கப் போனேன்.

கணவர் சாவுக்குப் பிறகு காளீஸ்வரி மகள் பவித்ராவோடு ராஜபாளையம் வந்திருந்தாள். பேண்டேஜ் துணி நெய்கிற தறிச் சத்தம் ஓயாத தெரு. அந்தத் துணியை மடித்துக் கட்டுகிற கொட்டகையில் வேலை. ஒற்றை அறை வீடு. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு அவள் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். நான் நோட்டைத் திறந்தேன்.

“விடிய அஞ்சு மணி இருக்கும் சார். மோட்டார் போட்டுட்டு வாரேன்னு போனாரு. நானும் பிள்ளயும் குடிசைல கெடந்தோம். எட்டு மணிக்குக் காய் பறிக்க வந்த ஆளுதான் ஓடியாந்து சொன்னாரு.”

“சத்தம் எதுவும் கேட்டுச்சாம்மா?”

“மோட்டார்ச் சத்தந்தான் சார். வாய்க்கால்ல தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சு. தண்ணி வருதேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்.”

தண்ணீர் வந்துகொண்டே இருந்தது... மூன்று மணி நேரம், செத்துக் கிடந்தவர் போட்டுவிட்டுப் போன மோட்டார் குடிசை வாசலுக்குத் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு பெண் நிம்மதியாக இருந்தாள். என் வாழ்நாளில் இப்படி ஒரு வரியை நான் எழுதியதில்லை. அந்த வரி என் நோட்டில் இருந்தது.

அதை வெட்டிவிட்டேன். மோட்டார் விவரமெல்லாம் வாசகருக்கு அலுப்புத் தட்டும் என்று பட்டது.

வெட்டியபின் மிஞ்சியதைப் படித்துவிட்டு இயக்குநர் சொன்னார்: “எல்லாம் இருக்கு சார். மனசைத் தொடுற மாதிரி ஒரு இடம்தான் இல்ல.”

முப்பது வருடமாகப் பத்திரிகை ஆசிரியர்கள் என்னிடம் சொல்லிவந்த அதே குறை. வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, அந்த இடத்தை எழுதினேன். “‘பாப்பா’ என்று அவர் இருமுறை அழைத்தார்; பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை.” அதிலுள்ள அரைப்புள்ளியைப் பற்றி எனக்குக் கர்வமே இருந்தது. முற்றுப்புள்ளி வைத்துப் பார்த்தேன், அடித்தேன், மறுபடி அரைப்புள்ளி வைத்தேன். ஒரு மனிதனின் சாவில் நான் இப்படி விளையாடிக்கொண்டிருந்தபோது என் மனைவி உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்னி போதவில்லை என்று குறை சொன்னேன்.

கதையைத் துண்டுப் பிரசுரமாகப் போட்டபோது, தாய், மகள் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, கீழே ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று மனச்சாட்சியோடு அச்சிட்டோம். மற்றது மாற்றப்பட்டதற்குக் குறி எதுவும் போடவில்லை.

அதற்குப் பிறகு நன்கொடை தருகிற பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். சென்னையிலிருந்து, டெல்லியிலிருந்து, கடல் கடந்தும். ஒவ்வொரு முறையும் வேன் ராஜபாளையம் போய்க் காளீஸ்வரியை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும். சுவரில் நான் தமிழாக்கிய விதிகள் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள் என்ற விதிக்கு நேர் கீழே அவளுக்கு நாற்காலி போடுவோம். அவள் சொல்வாள். நான் ஆங்கிலத்தில் சொல்வேன். என் வரியையும் சேர்த்துச் சொல்வேன். அவள் தமிழுக்கு வராத கண்ணீர் என் ஆங்கிலத்துக்கு வரும். கைக்குட்டைகள் வெளியே வரும். பிறகு எல்லோருக்கும் பால்கோவா.

ஒருநாள் வேனில் ஏறும்போது அவள் கேட்டாள்: “நான் நாலு வார்த்த சொன்னா நீங்க எட்டு வார்த்த சொல்லுதீகளே சார்?”

“இங்கிலீஷ்ல அப்படித்தாம்மா வரும்” என்றேன்.

அவள் நம்பினாள். படித்தவன் சொன்னால் நம்புகிற பெண்.

எத்தனை முறை அவளைச் சொல்ல வைத்தோம்? நான் எண்ணவில்லை. எண்ணாமல் இருந்ததும் ஒரு குற்றம்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் வெளியூர்க்காரன் இல்லை. எங்கள் பக்கத்தில் கேதம் கேட்பது ஒரே ஒருமுறைதான் என்று எனக்குத் தெரியும். சாவு வீட்டுக்குப் போய், கையைப் பிடித்து, எப்படி ஆச்சு என்று கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டிருந்துவிட்டு, போய்வருகிறேன் என்று கூடச் சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அடுத்த முறை அதே வீட்டுக்குப் போனால் மழையைப் பற்றிப் பேசலாம், கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசலாம். இரண்டாவது முறை அதையே கேட்கிறவனை ஊர் ஒரு தினுசாகப் பார்க்கும்.

காளீஸ்வரி குடிவந்த அன்று அந்தத் தெருப் பெண்கள் சேர்ந்து வந்து ஒருமுறை கேட்டார்கள். அதோடு சரி. மறுநாள் அவளைக் கொட்டகை வேலைக்குக் கூட்டிப்போனது பக்கத்து வீட்டு ஜெசிந்தா. பவித்ராவைப் பள்ளியில் சேர்த்தது எதிர்வீட்டுத் தறிக்காரர் மனைவி. காளீஸ்வரிக்கு இரண்டாம் ஷிப்ட் வந்தால் பிள்ளைக்குச் சோறு ஜெசிந்தா வீட்டில். விடியற்காலையில் தண்ணீர் மோட்டார் ஓடினால் காளீஸ்வரி எழுந்து தெருவில் வந்து நிற்கிறாள் என்று யாரோ கவனித்திருக்கிறார்கள். அந்த வாரத்திலிருந்து தெருவில் ஏழு மணிக்கு முன்பு யாரும் மோட்டார் போடுவதில்லை. அதற்குக் கூட்டம் இல்லை, தீர்மானம் இல்லை, கையேடு இல்லை. குளிக்க நேரமாகிறது என்று தறிக்குப் போகிற ஆண்கள் முணுமுணுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட பெண்களைத்தான் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரவழைத்து, அக்கம்பக்கத்தார் எப்படி உதவ வேண்டும் என்று நாங்கள் பயிற்சி கொடுத்தோம். நெஞ்சில் பெயர் அட்டை குத்தி, வட்டமாக உட்கார வைத்து... துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று நான் வகுப்பெடுத்தேன். ஜெசிந்தா கையைத் தூக்கினாள்.

“கேக்காம இருக்கறது எப்படின்னு எப்ப சார் எடுப்பீக?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்று குறித்துக்கூட வைத்துக்கொண்டேன்.

அந்தத் துண்டுப் பிரசுரத்தை ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிரதி கொடுப்பது அலுவலக வழக்கம். ஒளிவுமறைவு கூடாதாம். காளீஸ்வரிக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். பவித்ராவோ அப்போது ஐந்தாம் வகுப்பு; வாசிப்பில் பரிசு வாங்கிய பிள்ளை. அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறாள். பெயர் மாறியிருந்தால் என்ன, யானையும் தோப்பும் மாறவில்லையே.

என் வரிக்கு வந்ததும் காளீஸ்வரி நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். தனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அச்சில் போட்டிருக்கிறார்கள். விசாரிக்காமலா போடுவார்கள்? காய் பறிக்க வந்த ஆள் சொல்லியிருப்பாரோ?

“ஏட்டி, அப்பா கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?”

பிள்ளை என்ன சொல்லும், நீங்களே சொல்லுங்கள். கடைசியாக அப்பா கூப்பிட்டது தன்னைத்தான் என்று காகிதத்தில் இருக்கிறது. தனக்குக் கேட்கவில்லை என்று எந்தப் பிள்ளை சொல்லும்?

“கேட்டுச்சு” என்றிருக்கிறாள்.

“கேட்டுட்டா சும்மா படுத்திருந்த? என்னய எழுப்புறதுக்கு என்ன?”

காளீஸ்வரி அன்று மகளை அடித்தாள். அதற்கு முன்பு அடித்ததே இல்லையாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது? பிள்ளை சோறு தின்பதில்லை, பள்ளியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு எங்கள் அறக்கட்டளையே மனநல ஆலோசகர் ஒருவரை அனுப்பியது. நல்ல பெண், பொறுமைசாலி. பல வாரம் போய்ப் பிள்ளையைப் பேச வைத்தார். அந்தக் குறிப்புகள், வேறு யாரிடம் வரும், எழுதித் தருவதற்கு என்னிடம் வந்தன. பிரித்தேன். தந்தை ‘பாப்பா’ என்று இரண்டு முறை கூப்பிட்டதைக் கேட்டும் போகாததால் பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி என்று இருந்தது.

என் வாக்கியம். அரைப்புள்ளி மட்டும்தான் இல்லை.

அந்த நிமிடம் நான் எழுந்து அவர்கள் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடினேனா? இல்லை... அதையும் எழுதிக் கொடுத்தேன். நான் ஏற்படுத்திய காயத்தை எங்கள் அமைப்பு எவ்வளவு பரிவோடு ஆற்றிக்கொண்டிருக்கிறது என்று நான்கு பக்கம், உருக்கமாக, படத்தோடு. மிகவும் நன்றாக வந்தது. இயக்குநர் கைகுலுக்கினார்.

இத்தனை நாளில் எனக்குத் தூக்கம் கெட்டதா என்று கேட்பீர்கள். கெடவில்லை. அதுதான் எனக்கு இப்போது அதிகம் கசக்கிறது.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் ஜெசிந்தாவைப் பார்த்தேன். பவித்ரா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன், ஏதோ மாமா மாதிரி.

“எங்க சார்... ஆத்தாளும் மகளும் ஒரே வீட்டுல ரெண்டு குடித்தனம். இவ அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கா, அவ இந்தப் பக்கம் திரும்பிப் படுக்கா. அந்தப் பேப்பர் வந்ததுலேந்து இப்படித்தான். அதுக்கு முந்தி அவுக ரெண்டு பேருக்கும் வேற யாரு இருந்தா?”

அவள் ஏறிய பஸ் போனபிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். அந்த வீட்டில் மிச்சமிருந்ததே அந்த இரண்டு பேர்தான்.

அப்போதாவது ராஜபாளையத்துத் தெருவுக்குப் போனேனா? ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே சொல்வது சுலபம். அங்கே மின்விசிறி உண்டு. இயக்குநர் முழுவதையும் கேட்டார். குரல் மிக மென்மையாகிவிட்டது.

“இப்பப் போய் அது பொய்யின்னு சொன்னா அந்தப் பிள்ளைக்கு மறுபடி மனக்காயம் ஆயிடும் சார். கையேட்டுல இருபத்திரண்டாம் பக்கம் பாருங்க, நீங்களே எழுதியிருக்கீங்க.”

பார்த்தேன். தகுந்த ஆயத்தம் இல்லாமல் பழையதைக் கிளறக் கூடாது என்று நல்ல தமிழில் இருந்தது.

“அந்தப் பிரசுரத்த நிறுத்திடலாமே?”

“பெட்டி பெட்டியா அடிச்சு வச்சிருக்கே சார். அடுத்த பதிப்புல பார்த்துக்குவோம்.”

எனக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான். கோழைக்கு நிபுணத்துவம் போல ஒரு துணை கிடையாது. நான்கு மாதம் அந்த இருபத்திரண்டாம் பக்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். மானம் கெட்ட நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் அந்த ஒற்றை அறையில் ஒரு தாயும் மகளும் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மூட்டுவலியைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதினேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போனேன். என்ன துணிச்சல் வந்தது என்று கேட்காதீர்கள். அடுத்த மாதம் ஒரு பெரிய குழு வருகிறது, இந்தமுறை அம்மாவோடு மகளும் பேசினால் நன்றாக இருக்கும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். பிள்ளையும் அந்த நாற்காலியில் உட்காருவதற்குள் சொல்லிவிட வேண்டும், அதுதான்.

காளீஸ்வரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாதாகோயில் பூசை முடிந்து வந்த ஜெசிந்தா வாசற்படியில் இருந்தாள். பவித்ரா மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு அதே பிளாஸ்டிக் நாற்காலி. இந்தமுறை தரையில் உட்கார்ந்தேன். மூட்டு சத்தம் போட்டது.

வரும் வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்தப் பேப்பரில்... அது வந்து... நான்தான்... கதைக்காக... அப்படி ஒன்றும் நடந்ததாக யாரும்... என்று இழுத்து, திக்கி, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

காளீஸ்வரியின் கை சுளகிலேயே நின்றது.

“அப்ப அவரு கூப்பிடலயா சார்?”

“எனக்குத் தெரியாதும்மா. நான் எழுதினது பொய்.”

“இவள அடிச்சுப்புட்டேனே சார்.”

அவ்வளவுதான் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

பவித்ரா பேனாவை மூடி வைத்தாள். வகுப்பில் பிழை கண்டுபிடித்த பிள்ளையின் முகம்.

“அப்பா என்னயப் பாப்பான்னு கூப்பிட மாட்டாக. தாயின்னுதான் கூப்பிடுவாக. அன்னைக்கும் தாயி, தாயின்னுதான் கூப்பிட்டாக. அத மட்டும் நீங்க தப்பாப் போட்டுட்டீக.”

“இல்லம்மா... நான் முழுசுமே...”

“நீங்க அங்க இருந்தீகளா சார்?”

நான் அங்கே இல்லை. யாருமே அங்கே இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கூப்பிட்டார் என்று எழுத எனக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை; கூப்பிடவில்லை என்று சொல்லவும் இப்போது ஓர் ஆதாரமும் இல்லை. என் பொய்யில் இருந்த பிழையை அந்தப் பிள்ளை திருத்தி, தன் அப்பாவின் குரலைக் கொடுத்து, உண்மையாக்கி வைத்திருக்கிறாள். அதை இனி என்னால் திரும்ப வாங்க முடியாது.

காளீஸ்வரி மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை நீட்டினாள். பவித்ரா நகரவில்லை, நோட்டைத் திறந்து மறுபடி எழுதத் தொடங்கினாள்.

அறக்கட்டளை வேலையை விட்டுவிட்டேன். அதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரசுரம் இன்னும் கொடுக்கப்படுகிறது என்று கேள்வி. காளீஸ்வரி வேனில் ஏறுவதில்லை. தெருப் பெண்கள் அந்த வேனை முனையிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம். பிள்ளை இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறாள். யார் பக்கம் திரும்பிப் படுக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

நீங்கள் எந்த ஊரிலோ இருந்துகொண்டு இப்படி ஒரு பிரசுரத்தைப் படித்துக் கண் கலங்கியிருக்கலாம். கலங்கிய இடம் எது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தை என்னைப் போல ஒருவன், காபி குடித்துவிட்டு எழுதியிருக்கக்கூடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா என்னோடு தெருமுனை வரை வந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று, பாருங்கள், அப்போதும் எதிர்பார்த்தேன்.

“பொய்ய அம்புட்டுப் பாத்துப் பாத்து எழுதிட்டு, நெசத்தச் சொல்லும்போது இப்படிக் கொளறுனா, எந்தப் பிள்ள சார் நம்பும்?” என்றாள்.